வீட்டுப் பீரோவில் ஒரு ராவ்பகதூர் பதக்கம்: அடையாளம் காணவும் காப்பாற்றவும் ஒரு வழிகாட்டி

தாத்தாவின் அப்பா ராவ்சாகிப், பெரிய தாத்தா ராவ்பகதூர் என்று, பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்த பட்டங்களைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அவர்களில் சிலரது வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியிலோ பழைய பத்திரங்களோடோ, கையடக்கமான ஒரு நட்சத்திரப் பதக்கம் கிடக்கும். மேலே கிரீடம், நடுவில் ராஜா தலை, நைந்துபோன ஒரு ரிப்பன். வீட்டைக் காலி செய்யும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அது வெளியே வரும். அது என்ன, யாருடையது, என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒன்று முதன்முதலாக உங்கள் கைக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. துலக்காதீர்கள். விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், புளி போடாதீர்கள், பற்பசை வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் கை தானாக விபூதியைத் தேடும்; குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் அது சரிதான். ஆனால் இந்தப் பதக்கங்கள் வெள்ளியில், அல்லது வெள்ளியின் மேல் மெல்லிய பொன்முலாம் பூசிச் செய்யப்பட்டவை. நாலு தடவை அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். ராஜாவின் மூக்கும் காதும் மழுங்கிவிடும். எனாமல் உள்ள இடத்தில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால், ஈரம் உள்ளே போய் அந்தத் துண்டே உதிரும். இப்படிப் பளபளவென்று பாழாக்கப்பட்ட பதக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. கறுப்பு இருந்தால் இருக்கட்டும். அது பதக்கத்துக்குக் கெடுதல் செய்வதைவிடத் துலக்குவது செய்யும் கெடுதல் அதிகம்.

நகைக்கடைக்கும் கொண்டு போகாதீர்கள். தங்கமா என்று உரைகல்லில் ஒரு கோடு இழுத்தாலும் அந்தத் தழும்பு நிரந்தரம். எடைக்குப் பார்த்தால் கிடைக்கும் பணமும் பெரிதல்ல.

எங்கே தொங்கியது என்று பாருங்கள்

விருதுப் பதக்கங்களில் ஒரு அடிப்படை உண்டு: உடம்பில் எந்த இடத்தில் அணிகிறார்கள் என்பதே அதன் படிநிலையைச் சொல்லிவிடும். இடது மார்பில் குத்திக்கொள்வது ஒரு நிலை. கழுத்தில் ரிப்பனில் தொங்கவிடுவது பெரும்பாலும் அதற்கு மேல். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே பட்டையாகப் போடுவது உச்சி. ஐரோப்பிய அரசுகள் பலவும் இந்த ஏணியைத்தான் வைத்திருக்கின்றன. பிரான்சின் உயரிய விருதான லெஜியன் தொனரில் செவாலியேவும் ஒஃபிசியேவும் மார்பில் அணிவார்கள்; மூன்றாம் படியான கொமாந்தர் நிலைக்குப் போனால்தான் பதக்கம் கழுத்துக்கு ஏறும். பிரிட்டிஷ் பேரரசு விருதின் (ஆர்டர் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர்) நிலைகளில் எம்.பி.இ., ஓ.பி.இ. மார்பில்; அவற்றுக்கு மேலான சி.பி.இ. கழுத்தில்.

கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் ஊசி இருந்தாலோ, மேலே குறுகிய பட்டைக் கம்பி இருந்தாலோ அது மார்புப் பதக்கம். மேலே ஒரு வளையம் மட்டும் இருந்து, அதன் வழியாக நீளமான ரிப்பன் போக இடம் இருந்தால் கழுத்துப் பதக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிப்பன் தலை வழியாக மாட்டும் நீளத்தில் இருக்கிறதா, முனைகளில் கட்டுவதற்கான நாடாவோ கொக்கியோ தைத்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் விருதுகள் சிலவற்றில் 'கம்பானியன்' நிலைப் பதக்கங்கள் முதலில் மார்பில்தான் இருந்தன. 1917-இல்தான் கழுத்துக்கு மாறின. செயின்ட் மைக்கேல், செயின்ட் ஜார்ஜ் விருதின் கம்பானியன் நிலையான சி.எம்.ஜி. அப்படி மாறிய ஒன்று. யாழ்ப்பாணத்து வழிவந்த இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அது 1889-இல் கிடைத்தது, அதாவது மார்பில் அணிந்த காலத்தில். ஆகவே பழைய புகைப்படம் ஒன்றில் அப்படிப்பட்ட பதக்கம் மார்பில் இருந்தால் தவறாக அணிந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். படம் 1917-க்கு முந்தையது என்று கணிக்க அதுவே உங்களுக்கு ஒரு பிடி.

வடிவத்தைப் பாருங்கள்

சென்னை மாகாணத்துக் குடும்பங்களில் அதிகம் கிடைக்கக்கூடிய கழுத்துப் பதக்கம், ராவ்பகதூர் போன்ற பட்டங்களோடு கொடுத்த பட்டப் பதக்கம்தான் (டைட்டில் பேட்ஜ்). 1911 டிசம்பர் 12-ஆம் தேதி டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதை ஏற்படுத்தினார். ஐந்து முனை நட்சத்திரம், இடையிடையே கதிர்கள், உச்சியில் கிரீடம், நடுவில் மன்னரின் தலை, அதைச் சுற்றி இலைவளையமும் பட்டத்தின் பெயர் பொறித்த வட்டமும். ஆங்கில எழுத்தில் அந்த வட்டத்தைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்று வகுப்புகள் உண்டு. இந்துக்களுக்கு முதல் வகுப்பு திவான் பகதூர், இரண்டாவது ராவ்பகதூர், மூன்றாவது ராவ்சாகிப். முஸ்லிம்களுக்கு இரண்டாம் வகுப்பில் கான் பகதூர், மூன்றாம் வகுப்பில் கான் சாகிப். இது ஒரு ஏணி. இரட்டைமலை சீனிவாசன் 1926-இல் ராவ்சாகிப், 1930-இல் ராவ்பகதூர், 1936-இல் திவான் பகதூர் என்று மூன்று படியும் ஏறியவர். ஆகவே உங்கள் முன்னோரை ஒரு ஆவணம் ராவ்சாகிப் என்றும் இன்னொன்று ராவ்பகதூர் என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். தேதியைப் பாருங்கள்.

அதே சமயம், பட்டம் இருந்தவர் எல்லாரிடமும் பதக்கம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்ப் பதிப்புத்துறைக்கு அடித்தளம் போட்ட சி.வை. தாமோதரம்பிள்ளைக்கு 1895-இல் ராவ்பகதூர் பட்டம் கிடைத்தது. அவர் 1901-இல் மறைந்தார். பதக்கம் பிறந்ததோ 1911-இல். உங்கள் முன்னோர் அதற்கு முந்தைய தலைமுறை என்றால், தேட வேண்டியது சன்னது என்கிற பட்டயக் காகிதத்தை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது அரசாங்கப் பட்டங்களைத் துறக்கச் சொல்லிக் காங்கிரஸ் அழைத்தது; காந்தியே, பொதுச்சேவைக்காக அரசாங்கம் தனக்குக் கொடுத்திருந்த கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் பதக்கம் இல்லாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் அது உங்கள் குடும்பக் கதையில் இன்னும் பெரிய செய்தி.

நட்சத்திரமும் ராஜா தலையும் இல்லையா? வேறு சிலவற்றைப் பார்க்கலாம்.

சிவப்பு எனாமல் இதழ்களோடு ரோஜாப் பூ வடிவில் இருந்து, நடுவில் விக்டோரியா மகாராணியின் முகம் இருந்தால் அது இந்தியப் பேரரசு விருது, அதாவது சி.ஐ.இ. அல்லது அதற்கு மேல்நிலையான கே.சி.ஐ.இ. மன்னர் மாறினாலும் இதில் முகம் மாறவில்லை, விக்டோரியாதான். உயர் நீதிமன்ற நீதிபதி முத்துசுவாமி ஐயர் இந்த விருது பெற்றவர்களில் ஒருவர்.

எனாமல் பூசிய சிலுவை, பொன்முலாம், ரிப்பன் ஊதா அல்லது இளஞ்சிவப்பு என்றால் சி.பி.இ.யாக இருக்கலாம். இந்த விருது 1917-இல் தொடங்கியபோது ரிப்பன் ஊதா. 1937-இல் அதை ரோஜா நிறமும் சாம்பல் ஓரமுமாக மாற்றினார்கள்.

பொன் நட்சத்திரம், நடுவில் சிங்கம், நீல எனாமல் வட்டம் என்றால் பட்டாளத்துக் குடும்பமாக இருக்க வேண்டும். அது இந்திய வீரர்களில் சுபேதார், ஜமேதார் நிலையில் இருந்தவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 1837-இல் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியா விருது. இதுவும் கழுத்துப் பதக்கம். முதல் வகுப்புக்கு சர்தார் பகதூர், இரண்டாம் வகுப்புக்கு பகதூர் என்ற அடைமொழி சேரும். இதன் ரிப்பன் முதலில் வான்நீலமாக இருந்தது. ஒரே வருடத்தில் கருஞ்சிவப்பாக மாறியது. தலையில் தடவும் எண்ணெய் பட்டு வெளிர்நீலம் அழுக்கேறியதால்தான் மாற்றினார்கள் என்று சொல்வதுண்டு. கழுத்தில் கிடக்கும் துணி என்ன பாடுபடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ரிப்பனைத் தனியாகக் கவனியுங்கள்

வீட்டுக்காரர்கள் முதலில் தூக்கிப் போடுவது ரிப்பனைத்தான். தயவுசெய்து போடாதீர்கள். பட்டப் பதக்கத்தில் வகுப்பைச் சொல்வதே அதுதான். முதல் வகுப்புக்கு இளநீலம், ஓரத்தில் கருநீலம். இரண்டாம் வகுப்புக்குச் சிவப்பு, ஓரத்தில் அடர்சிவப்பு. மூன்றாம் வகுப்புக்குக் கருநீலம், ஓரத்தில் இளநீலம். நூறு வருடத்தில் நிறம் மங்கியிருக்கும். கண்ணை நம்பாமல், வெளிச்சம் படாத இடத்தைப் பாருங்கள். வளையத்துக்குள் மடிந்து கிடக்கும் பகுதி, தையலுக்கு உட்புறம், இந்த இடங்களில் அசல் நிறம் அப்படியே இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து, ரிப்பனை இழுக்காமல், மடிப்பை லேசாக விரித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துவைக்க வேண்டாம், சாயம் இறங்கும். இஸ்திரி போட வேண்டாம், பழைய பட்டு மடிப்பில் வெடிக்கும். ஏற்கெனவே கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு காகிதத்தில் சுருட்டி வையுங்கள். காட்சிக்கு வைக்கப் புது ரிப்பன் மாட்ட ஆசைப்பட்டால், அதே நிறத்தில் கிடைத்தால் மட்டும் மாட்டுங்கள். பழையதைப் பதக்கத்தோடு சேர்த்தே வையுங்கள். தையல் கடையில் கிடைத்த ஏதோ ஒரு சிவப்பு நாடாவைக் கோத்துவிட்டால், ராவ்சாகிப் பதக்கம் பார்க்கிறவர் கண்ணுக்கு ராவ்பகதூர் ஆகிவிடும்.

மன்னரின் முகமும் பின்பக்கமும்

பட்டப் பதக்கத்தின் காலத்தைக் கணிக்க ஒரு சுலபமான வழி, நடுவில் இருக்கும் மன்னருக்குத் தாடி இருக்கிறதா என்று பார்ப்பது. தாடி இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். 1911-க்கும் அவர் இறந்த 1936-க்கும் இடைப்பட்டது. மழித்த முகம் என்றால் ஆறாம் ஜார்ஜ். அதற்குப் பிறகு சுதந்திரம் வரை.

அடுத்தது பின்பக்கம். வேறு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பட்டம் பெற்றவரின் பெயரையும் தேதியையும் இங்கே செதுக்கியிருப்பார்கள். எழுத்து சிறியது, கறுப்பும் ஏறியிருக்கும். அதற்காகச் சுரண்டக் கூடாது. இருட்டான அறையில் மேசைமேல் ஒரு பருத்தித் துணியை விரித்துப் பதக்கத்தைக் கவிழ்த்து வையுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தபோது வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் வரிகள் நிழலோடு எழுந்து வரும். வெளிச்சத்தை நாலு திசையிலிருந்தும் கொடுத்து நாலு படம் எடுங்கள். ஒரு படத்தில் படிக்க முடியாத எழுத்து இன்னொன்றில் கிடைக்கும்.

தேதி ஜனவரி 1 என்றால் புத்தாண்டுப் பட்டியல். ஜூன் மாதத் தொடக்கம் என்றால் மன்னரின் பிறந்தநாள் பட்டியல். இந்த இரண்டில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பெயரைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சென்னை மாகாண அரசாங்கக் காகிதங்களில் பெயருக்கு முன்னால் எம்.ஆர்.ஆர்.ஒய். என்று போடுவது அந்தக் கால வழக்கம். அதை இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு தாத்தாவே இல்லையே என்று குழம்ப வேண்டாம். அது மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதைச் சொல்லின் சுருக்கம். பெயருக்குப் பின்னால் வரும் 'அவர்கள்', 'காரு' ஆகிய மரியாதைச் சொற்களும் அப்படித்தான்.

காகிதத்தோடு சேர்த்துப் பாருங்கள்

பதக்கம் பெயரையும் தேதியையும் சொல்லும். ஏன் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாது. அந்தக் காலத்தில் துணை கலெக்டருக்கும் வக்கீலுக்கும் நகராட்சித் தலைவருக்கும் டாக்டருக்கும் பட்டம் கிடைத்தது. தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளையும் ராவ்சாகிப்தான், நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியாரும் ராவ்பகதூர்தான். உங்களவர் எந்த வகை என்று கண்டுபிடிக்கக் காகிதம் வேண்டும்.

முதலில் வீட்டிலேயே சன்னதைத் தேடுங்கள். சட்டம் போட்டு மாட்டிய பழைய படங்களின் பின்பலகையைக் கழற்றிப் பார்ப்பது வீண்போகாது. படத்துக்குப் பின்னால் காகிதத்தைச் செருகிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கல்யாணப் பத்திரிகைகள், லெட்டர்பேடு, வீட்டு வாசல் கல்வெட்டு எல்லாவற்றிலும் பட்டம் இருக்கும். அவற்றின் தேதியை வைத்து எந்த வருடத்துக்குள் பட்டம் கிடைத்தது என்று நெருங்கிவிடலாம்.

அப்புறம் வெளியே. பட்டங்கள் இந்திய அரசிதழில் வெளியாகும். சென்னை மாகாண அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டையும் பழைய அரசாணைகளையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். தேதி கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாமல் போனால் தொகுதி தொகுதியாகப் புரட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் பின்பக்கத்தை அவ்வளவு வற்புறுத்தினேன். சி.ஐ.இ., சி.பி.இ. போன்றவை என்றால் லண்டன் கெஜட்டில் பெயர் வந்திருக்கும். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்தில் பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். முதலியார் என்ற ஒரு சொல்லையே அப்போது பல மாதிரி எழுதினார்கள்.

எப்படி வைப்பது

சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்றால், மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அவ்வளவு போதும். கையில் வியர்வை இருந்தால் பதக்கத்தின் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

ரப்பர் பேண்டு கூடவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், ரிப்பனில் ஒட்டிக்கொண்டு இறுகும். பளபள பிளாஸ்டிக் உறையும் நாளடைவில் பிசுபிசுக்கும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், காகிதத்தின் அமிலமும் சேரும். அந்துருண்டையை அதே பெட்டியில் போட வேண்டாம். அமிலமில்லாத காகிதம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கஞ்சி போடாத, நன்றாக அலசிக் காயவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணி. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். அசல் பெட்டி இருந்தால் உடைந்திருந்தாலும் அதை வையுங்கள்.

பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யாருடையது, அவர் உங்களுக்கு என்ன முறை, யாரிடமிருந்து உங்களிடம் வந்தது. பாட்டிகளும் பெரியப்பாக்களும் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நல்லது.

அணியலாமா, விற்கலாமா, கொண்டு போகலாமா

கல்யாணத்தில் பேரன் அதைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். விருது ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் கொடுக்கப்பட்டது. அவரோடு அது முடிகிறது. வளையமும் ரிப்பனும் அந்த இழுப்பைத் தாங்கும் நிலையிலும் இருக்காது. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதும், வெயில் படாத சுவரில்.

பட்டத்தை உங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வதும் சரியல்ல. அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, ராணுவ, கல்வித் தகுதிகளைத் தவிர வேறு பட்டங்களை அரசு கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாகச் சொன்னது. ராவ்பகதூர் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சுதந்திர இந்தியாவின் சிவில் விருதுகளில் கழுத்தில் அணிவது பாரத ரத்னா: அரச இலை வடிவம், நடுவில் சூரியன், வெள்ளை ரிப்பன். 1954-இல் அதை முதலில் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன். பத்ம விருதுகளைக் குடியரசுத் தலைவர் மார்பில் குத்திவிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

விற்பது உங்கள் முடிவு. ஆனால் பதக்கம், ரிப்பன், பெட்டி, சன்னது நான்கையும் பிரித்து விற்காதீர்கள். பாகம் பிரிக்கும்போதும் அண்ணனுக்குப் பதக்கம், தம்பிக்குச் சன்னது என்று பிரிக்காதீர்கள். ஒருவரிடம் எல்லாம் இருக்கட்டும், மற்றவர்களுக்கு நல்ல படங்கள் போகட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதற்கு முன் தேதியை மறுபடி பாருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1911-இல் தொடங்கிய பதக்கங்களில் முதல் பதினைந்து வருடத்தவை இப்போதே அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூனிலும் இன்னும் சில தாண்டும். சந்தேகம் இருந்தால் பயணத்துக்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் பதக்கத்தைக் காட்டி, அது தொல்பொருளா இல்லையா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.